மூணாம் லெவல் மீன்கள்

பெங்களூர் மகாதேவபுரத்தில் இரண்டாவது மாடியில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன் என்று என் மகன் மனோகர் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொன்னதும், என் மருமகள் ஷைலஜா மீன் தொட்டிகளைத் திரும்பிப் பார்த்ததும் போன வாரத்தோடு முடிந்த கதை. அன்றைக்கு அவள் கடைசியாகச் சொன்னது ஒன்றுதான். "சனிக்கிழமை நானும் வந்து பாக்கறேன். பாக்காம எதையும் வேணாம்னு சொல்ல மாட்டேன்."

அந்தச் சனிக்கிழமை வந்துவிட்டது. விடிகிற நேரத்து வண்டியைப் பிடிக்க இரண்டு பேரும் சாம்பியன் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்கள். நானும் மீன்களும் வீட்டில்.

மனோகர் கேட்பதில் தப்பில்லை. ஒன்பது வருஷமாக அந்த வண்டியில் பெங்களூருக்குப் போய் வருகிறான். உட்கார இடம் கிடைத்த நாள் அவனுக்குத் தீபாவளி. ஆனால் புது வீட்டுக்காரர் ஒரு கண்டிஷன் போட்டுவிட்டார். மீன் தொட்டி கூடாது. தண்ணீர் கனமாம், மாடி தாங்காதாம். சொந்த வீட்டுக் கான்கிரீட்டையே நம்பாத ஆளின் வீட்டில் என் மகன் குடியிருக்கப் போகிறான்.

ஷைலஜாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் எங்களைப் போலத் தங்கச் சுரங்கத்து ஜனம் இல்லை. அவள் அப்பா சேலத்திலிருந்து ஃபேக்டரி வேலைக்கு வந்த ஃபிட்டர். அவள் பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாம் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில். ஒரே ஊர்தான், ஆனால் அவர்கள் பழக்கம் வேறு, எங்கள் பழக்கம் வேறு. நாலு வருஷத்துக்கு முன்னால் கல்யாணமாகி சாம்பியன் ரீப்ஸில் எங்கள் சுரங்க லைன் வீட்டுக்கு வந்தாள். வந்த மறுமாசமே ஒரு கண்ணாடித் தொட்டி வந்தது. அதில் இரண்டு ஏஞ்சல் மீன்.

தோசையை நிமிர்த்தி வைத்த மாதிரித் தட்டை உடம்பு. முதுகில் மேலே பார்த்து ஒரு துடுப்பு, வயிற்றில் கீழே பார்த்து ஒரு துடுப்பு.

"இத்த துன்னவும் முடியாது. இன்னாத்துக்கு இது?" என்றேன். எட்டு நாளைக்கு ஒரு தரம் குழாயில் தண்ணீர் வருகிற இடம் எங்களுடையது. அதில் ஒரு டிரம் மீனுக்கு என்றால் யாருக்குக் கோபம் வராது? அந்தத் தண்ணீரிலும் பாதாம் மரத்துச் சருகைப் போட்டு டீ மாதிரி ஆக்கி வைப்பாள்.

"நம்ம ஊர்த் தண்ணி இதுங்களுக்கு ஒத்துக்காது மாமா."

"எனக்கு எழுவது வருஷமா ஒத்துக்கிச்சே?"

"உங்களுக்குத் துடுப்பு இல்லையே."

இப்படிப் பேசுகிறவளிடம் என்ன சண்டை போடுவது?

ஒரு ஜோடி ஒரு தரம் முட்டை வைத்தால் முந்நூறு குஞ்சு. மூன்று மாதம் வளர்த்து முந்நூறையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். தொட்டிக் கண்ணாடியில் பள்ளிக்கூடத்து ஸ்கேலை ஒட்டி வைத்திருக்கிறாள். மீன் அதன் பக்கத்தில் வந்து நிற்கிறவரை குத்துக்காலிட்டு அசையாமல் உட்கார்ந்திருப்பாள். உடம்பு எவ்வளவு, துடுப்பு எவ்வளவு என்று நோட்டில் எழுதுவாள். துடுப்பு குட்டையாக இருந்தால் கழித்துவிடுவாள். நீளமாக இருந்து ஈரத்துணி மாதிரித் தொங்கினாலும் கழித்துவிடுவாள். நீளமும் வேண்டும், அந்த நீளம் விறைப்பாக நிற்கவும் வேண்டும். இரண்டும் சேர்ந்த மீன் முந்நூறில் பத்து தேறினால் அதிகம். அந்தப் பத்தில் ஜோடி சேர்த்து மறுபடி முந்நூறு. மறுபடி பத்து.

நான் எதையும் சீக்கிரம் நம்புகிறவன் இல்லை. அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு நானே ஸ்கேலின் முன்னால் உட்கார்ந்தேன். எழுத்து எனக்குத் தகராறு, எண் தெரியும். இரண்டு மணி நேரத்தில் ஆறு மீன் அளந்தேன். ஆறும் அவள் எழுதினபடியே சரி. அவள் ஒரு நாளில் அறுபது அளக்கிறாள். அன்றிலிருந்து டிரம் தண்ணீரைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

நாலு வருஷத்தில் நாலு தலைமுறை. கடைசித் தலைமுறையில் தேறினது பதினொன்று. துடுப்பு உடம்பைவிட ஒன்றரை மடங்கு, ஆனால் கத்தி மாதிரி நிற்கும். அவற்றைப் பெற்ற ஜோடி போன மாசக் குளிரில் ஹீட்டருக்குக் கரண்ட் இல்லாமல் செத்துப்போனது. ஆகவே பதினொன்றுதான் மிச்சம். அது போனால் அவளுக்கு நாலு வருஷமும் போனது.

இதெல்லாம் தெரிந்த நான்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

ஒன்பதரை மணிக்கு ஷைலஜா போன் செய்தாள். பின்னால் யாரோ கன்னடத்தில் பேசுகிற சத்தம். மனோகர் குரலும் கேட்டது. "ஹால் எவ்ளோ பெருசு பாரு!"

"மாமா, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு ஆச்சு. வீடு எப்படிக் கீது?"

"வந்து சொல்றேன். நேத்து வர வேண்டிய சைலஸ் அண்ணன் இப்பதான் வராராம். மூணாம் லெவல்ல இருக்கிறத மொத்தமும் குடுத்துடுங்க."

"மொத்தமுமா?"

"மொத்தமும்தான் மாமா. இனிமே அதை வச்சுகிட்டு நான் என்ன பண்ணப் போறேன்?"

கட் ஆகிவிட்டது.

சைலஸ் ராபர்ட்சன்பேட்டையில் மீன் கடை வைத்திருக்கிறவன். அவள் கழித்த மீன்களை வந்து எடுத்துப் போவான். எங்கள் வீட்டு ரேக் அவள் அப்பா வெல்டிங் வைத்துக் கொடுத்தது. இரும்புச் சட்டம், மூன்று தட்டு. மேல் தட்டில் கழித்த மீன், நடுத்தட்டில் குஞ்சு, அடித்தட்டில் பெரிய தொட்டி. அந்தப் பெரிய தொட்டியில்தான் பதினொன்றும்.

இருபத்தாறு வருஷம் சுரங்க ஷாஃப்ட்டில் இறங்கினவன் நான். கேஜ் என்கிற கூண்டில் ஏறி நின்றால் முதலில் வருவது முதல் லெவல். அப்புறம் இரண்டு, அப்புறம் மூன்று. எண் ஏற ஏற ஆள் இறங்குவான். எண்பதாம் லெவலில் ஷிப்ட் என்றால் வீட்டில் விளக்கேற்றிச் சாமி கும்பிடுவார்கள், அவ்வளவு ஆழம். மூன்று தட்டு ரேக்கில் மூணாம் லெவல் எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அடித்தட்டைத்தான் காட்டுவேன்.

அடித்தட்டில் பதினொன்று. இனிமேல் அதை வைத்துக்கொண்டு அவள் என்ன பண்ணப் போகிறாள்? எனக்குப் புரிந்துவிட்டது. ஹால் பெரிசு, வீடு பிடித்துவிட்டது, மீன் வேண்டாமாகிவிட்டது. உடம்பெல்லாம் எரிந்தது. திருப்பிப் போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நாலு வருஷத்தை ஒரு ஹாலுக்குக் கொடுக்கிறவளிடம் எனக்கு என்ன பேச்சு என்று இருந்துவிட்டேன்.

சைலஸ் வந்தான். வாசலிலேயே ஆரம்பித்தான்.

"இன்னா பெரியப்பா, மருமக வூடு பாக்கப் போச்சாமே?"

"உனுக்கு யாரு சொன்னது?"

"மார்க்கெட்டே சொல்லுது."

"மார்க்கெட்டுக்கு வேற வேலை இல்ல. தோ, அடியில கீது பாரு, எல்லாத்தயும் எடுத்துக்கினு போ."

அவன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். மறுபடி குனிந்தான்.

"பெரியப்பா, கழிச்ச மீனுன்னுதானே சொல்லிச்சு? இதுங்க ஒவ்வொண்ணும் ராஜா கணக்கா கீதே."

"மூணாம் லெவல்னு சொன்னா. இது மூணாம் லெவலா இல்லியா?"

"மூணாம் லெவல்தான்." அவன் அப்பனும் சுரங்கத்தில் இருந்தவன்தான்.

"அப்பறம் இன்னாத்துக்குக் கேள்வி? சொன்னத சொன்னபடி செய்."

"நானா கேக்கல பெரியப்பா. நீங்கதான் குடுக்கறீங்க. அப்பால என்னைச் சொல்லக் கூடாது" என்று சொல்லி வலையை உள்ளே விட்டான். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஷைலஜா கையைக் கழுவிக்கொண்டு நேராக ரேக்குக்குப் போனாள். உட்கார்ந்தாள். காலியாக இருந்த பெரிய தொட்டியில் விரலை வைத்தாள்.

"மாமா. இதுல இருந்ததெல்லாம் எங்க?"

"நீதானே குடுக்கச் சொன்ன."

"நான் மூணாம் லெவல்ல இருக்கிறதத்தானே சொன்னேன்!"

"அதான் குடுத்தேன்."

அவள் மேல் தட்டைக் காட்டினாள். அங்கே கழித்த மீன் முப்பதும் எங்கள் சண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றன. "இதுதான் மாமா மூணு! கீழ ஒண்ணு, நடுவுல ரெண்டு, மேல மூணு."

"எந்த ஊர்லம்மா மேல போய் மூணாம் லெவல் கீது?"

"எங்கப்பா ஃபேக்டரி ஸ்டோர்ல எல்லா ரேக்குக்கும் அடியிலருந்துதான் நம்பர்."

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மங்கம்மா வாசலில் வந்து நின்றாள். விஷயத்தைக் கேட்டாள். "மூணாம் லெவல்னா அடிதானேம்மா. எங்கூட்டு ஆளு அறுவதாம் லெவல்ல வேல செஞ்சாரு. கூரை மேலயா செஞ்சாரு?"

யாரும் சிரிக்கவில்லை. ஷைலஜாவின் முகத்தைப் பார்த்து மங்கம்மாவே நழுவிவிட்டாள்.

மனோகர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான். "சரி, வுடு. சும்மா சண்டை எதுக்கு? போனது போச்சு. ஒருவேளை இதுவும் நல்லதுக்குத்தானோ என்னவோ."

அவள் திரும்பினாள். "இன்னொரு தரம் சொல்லுங்க."

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வேறு பேச்சு எடுத்தான். "அஞ்சு மணிக்கு வீட்டுக்காரர் போன் பண்ணுவாரு. இன்னிக்கு இல்லன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாராம். இன்னா சொல்றது அவருக்கு?"

"வீடு எப்படிம்மா?" என்று நான் கேட்டேன். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"நல்ல வீடு மாமா. காத்து வருது, வெளிச்சம் வருது. ஒரு குறையும் சொல்ல முடியாது" என்றாள். கண் கலங்கின நேரத்திலும் பொய் சொல்லத் தெரியவில்லை அவளுக்கு. நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் சுவரெல்லாம் ஓதம் என்று அடித்துவிட்டிருப்பேன்.

அதைக் கேட்டபின் நானும் மறைக்கவில்லை. "லெவல் மட்டும் இல்லம்மா. நீ மீன வேணாம்னு வுட்டுட்டு பெங்களூருக்கு ரெடி ஆயிட்டன்னு நெனச்சுக்கினேன். அந்தக் கோவத்துல குடுத்தேன். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கணும். கேக்கல."

அவள் என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன்.

"அந்தச் சண்டையை ராத்திரி போடலாம் மாமா. இப்ப செருப்பைப் போடுங்க."

டிரம்மிலிருந்து ஒரு கேன் நிறைய டீ நிறத் தண்ணீர் பிடித்தாள். மூடி போட்ட பக்கெட் ஒன்று. மனோகரை வா என்று அவள் கூப்பிடவில்லை. அவனாக வந்து பக்கெட்டை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினான். எதற்கு வந்தான் என்று எனக்குச் சந்தேகம்தான். ஐந்து மணிக்குள் அவளிடம் ஒரு பதில் வாங்கிக்கொள்ளவாக இருக்கும்.

சைலஸின் கடை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். உள்ளே நுழைந்தால் எதிரே ஆறடி நீளத்தில் ஒரு பெரிய தொட்டி, மார்பு உயரத்துக்கு. அதைப் பார்த்ததும் ஷைலஜாவின் நடை நின்றுவிட்டது.

"அண்ணே! பார்ப்கூடவா போட்டீங்க?"

"எடம் இல்லம்மா. இன்னிக்குச் சந்தை நாளு."

டைகர் பார்ப் என்பது விரல் நீள மீன். மஞ்சள் உடம்பு, கறுப்புக் கோடு. கொடியில் தொங்குகிற துணியை நாய் இழுக்குமே, அந்த மாதிரி நீளத் துடுப்பைக் கண்டால் கடித்து இழுக்கும். உள்ளே இருபது பார்ப். சைலஸ் சென்னையிலிருந்து வரவழைத்த ஏஞ்சல் முப்பது. அவற்றோடு எங்களுடைய பதினொன்று. எல்லாவற்றின் துடுப்பும் எலி கடித்த சீலை மாதிரி இருந்தது. எது நீளம், எது குட்டை? ஸ்கேலுக்கு அங்கே வேலையே இல்லை.

 கடையில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"நாப்பதுக்கு மேல ஏஞ்சல் கீதும்மா உள்ள" என்றான் சைலஸ். அவனுக்கும் முகம் செத்துப்போயிருந்தது. "இதுல உன்னுது எதுன்னு கர்த்தரே எறங்கி வந்தாலும் சொல்ல முடியாது. பத்தோ பதினொண்ணோ, உனுக்குப் புடிச்சத எடுத்துக்கோ."

"எனக்குப் புடிச்சது வேணாம்ணே. என்னோடது வேணும். ஒரு கிண்ணம் குடுங்க."

"வலை?"

"வலை வேணாம். துடுப்பு முள்ளு சிக்கிக்கும்."

முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு தொட்டியின் முன்னால் நின்றாள். ஐந்து நிமிஷம், அதற்கு மேலும் இருக்கும். ஆட்கள் வந்தார்கள், மீன் கேட்டார்கள், போனார்கள். அவள் நகரவில்லை. பிறகு கிண்ணத்தைத் தண்ணீருக்குள் சாய்த்து, ஒரு மீனுக்குக் கீழே கொண்டுபோய்ச் சும்மா வைத்திருந்தாள். மீன் தானாக உள்ளே வந்தது.

"ஒண்ணு" என்றாள்.

"எத்த வச்சு சொல்ற?" என்றேன். நான் பேசியிருக்கக் கூடாது, ஆனால் என் வாய் அப்படி.

"துடுப்போட முன்முள்ளைப் பாருங்க மாமா." கிண்ணத்தை என் மூக்குக்கு நேரே பிடித்தாள். "நடுவுல இருந்த சவ்வுதான் போயிருக்கு. முள்ளு அடியில தடியா, நேரா நிக்குது. நாலு தலைமுறையா நான் பாத்துப் பாத்துச் சேத்தது அந்த முள்ளைத்தான். நீளம் எல்லார் கண்ணுக்கும் தெரியும். நீளத்தைத் தாங்குறது எதுன்னு பாக்கணும்ல?"

நான் இரண்டு மணி நேரம் ஸ்கேல் வைத்து அளந்தபோது ஒரு தரம்கூட அந்த முள்ளைப் பார்க்கவில்லை.

"கிழிஞ்சதே இது?" என்றான் மனோகர்.

"வளந்துடும், ஒரு மாசத்துல. இதோட குஞ்சுங்களுக்குப் போறது இந்தக் கிழிஞ்ச துடுப்பு இல்லைங்க. உள்ள இருக்கிறதுதான் போகும். அதை எந்தப் பார்ப்பும் கடிக்க முடியாது."

இரண்டு. மூன்று. நாலாவது கண்ணாடிக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. ஐந்தாவதைப் பிடிக்க இருபது நிமிஷம் ஆனது. ஒவ்வொன்றாகப் பக்கெட்டில் வீட்டுத் தண்ணீரில் விட்டாள். மனோகர் மூடியைத் திறந்து திறந்து மூடினான்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. சோதித்துப் பார்க்கலாம் என்று, கறுப்புக் கோடு பளிச்சென்று இருந்த ஒரு ஏஞ்சலைக் காட்டினேன். "தோ, இது நம்மளுதுதான். இத்த எனக்கே தெரியுது."

அவள் பார்த்தாள். அது திரும்புகிறவரை காத்திருந்து மறுபக்கமும் பார்த்தாள். "நல்ல மீன்தான் மாமா. முள்ளுகூட நல்லா இருக்கு. ஆனா நம்மளது இல்ல."

"நல்லதுன்னா எடுத்துக்கோயேம்மா" என்றான் சைலஸ்.

"வேணாம்ணே. இதோட அப்பா யாருன்னு எனக்குத் தெரியாது."

மனோகர் சிரித்துவிட்டான். அன்றைக்கு அவன் முதல் தரம் சிரித்தது அப்போதுதான். சைலஸும் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். "பெரியப்பா, ஒண்ணு சொல்லட்டா? அந்த மீனுக்குக் கண்ணுக்கு மேல வெள்ளப் புள்ளி. சென்னையிலருந்து பெட்டி வந்தப்பவே நான் பாத்து வச்சது. உங்க மருமகளுக்கு அது தெரியாது. தெரியாமலே சரியாச் சொல்லிச்சு பாருங்க."

அதற்குப் பிறகு நான் வாயை மூடிக்கொண்டேன். எண்பதாம் லெவலில் பாறையைத் தட்டிப் பார்த்தே உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்கிற ஆள்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். இவளை மூன்றாவதாகச் சேர்த்துக்கொண்டேன்.

ஒன்பதாவது மீன் பக்கெட்டுக்குள் போனபோது மணி நாலே கால்.

"இன்னும் ரெண்டு" என்று அவள் தொட்டியின் ஓரத்துக்கு நகர்ந்தாள். அப்படியே நின்றாள். பின்னால் கையை நீட்டி எங்களை வராதீர்கள் என்று தடுத்தாள்.

இடது மூலையில் ஃபில்டர் குழாய் மேலிருந்து கீழே இறங்குகிறது. அதன் இரண்டு பக்கமும் ஒரு ஜோடி. ஒன்று குழாயை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்தது. மற்றது வெளியே பார்த்து நின்றது. ஒரு பார்ப் கிட்டே வந்தால் பாய்ந்து விரட்டியது. அதன் துடுப்பும் கிழிந்துதான் கிடந்தது. ஆனாலும் ஒரு சாண் இடத்தை விட்டுக் கொடுக்கவில்லை.

"ஜோடி சேந்துடுச்சு" என்றாள் ரகசியமாக. "பொண்ணுக்கு அடிவயித்துல ஒரு சின்னக் குழாய் வெளிய வந்திருக்கு பாருங்க. முட்டை வைக்கப் போகுது. இப்பவே."

"கிண்ணத்துல எடுத்துடலாமே?" என்றான் மனோகர்.

"எடுத்தா பயந்து கண்ட எடத்துல கொட்டிடும். இதுங்க நாலாம் தலைமுறையோட மொத முட்டை. இதுங்களோட அப்பா அம்மா செத்த பிறகு நான் எதுக்குக் காத்திருந்தேன்? இதுக்குத்தான்."

"உள்ள இருவது பார்ப் கீதும்மா" என்றான் சைலஸ். "முட்டை வுழ வுழத் துன்னுடும்."

"வலை போட்டுப் பார்ப்பை எடுத்தா?" என்றான் மனோகர்.

"கலங்கிடும். பொண்ணு தன் முட்டையைத் தானே தின்னுடும்" என்றாள் ஷைலஜா.

அவள் கடையைச் சுற்றிப் பார்த்தாள். தொட்டிகளுக்கு மேலே போட்டு வைக்கிற கண்ணாடி மூடிகள் சுவரில் சாய்ந்திருந்தன. இரண்டை எடுத்து அளவு பார்த்தாள். தொட்டியின் அகலத்துக்கு ஒன்று போதாது. இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் சரியாக மறைக்கும், ஆனால் தானாக நிற்காது.

"அண்ணே, அந்தக் கோடில தீனி போடுங்க. கொஞ்சம் கொஞ்சமா. மாமா, நீங்க ஒரு கண்ணாடி. நீங்க ஒண்ணு" என்று புருஷனைப் பார்த்தாள். "நான் சொன்னதும் மெதுவா எறக்கணும். எறக்கிட்டா கையை எடுக்கக் கூடாது. முட்டை வச்சு முடிக்கிறவரைக்கும்."

"எவ்ளோ நேரம்?"

"ஒரு மணி நேரம். ஒன்றரையும் ஆகலாம்."

மனோகர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். நாலு இருபத்தைந்து. சட்டைக் கையைச் சுருட்டினான்.

சைலஸ் தீனியைத் தூவினான். பார்ப்பும் மற்ற ஏஞ்சலும் வலது கோடிக்கு ஓடின. "இப்ப" என்றாள். இரண்டு கண்ணாடியும் தண்ணீருக்குள் இறங்கின.  பின்தங்கின ஒரே ஒரு பார்ப்பை அவள் ஒற்றை விரலால் நகர்த்தி நகர்த்தி இடுக்கு வழியாக அந்தப் பக்கம் அனுப்பினாள். மூலையில் இருந்த ஜோடி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கால் மணி நேரம் கழித்துப் பெண் மீன் குழாயோடு வயிற்றை ஒட்டிக்கொண்டு மேலே போனது. போன வழியில் ஒரு வரிசை. ரவையை எடுத்து ஒவ்வொன்றாக ஒட்டின மாதிரி. எழுபது வயசில் இதைப் பார்க்க வைத்தாளே என்று எனக்கு என்னமோ போல ஆகிவிட்டது. ஆண் பின்னாலேயே அந்த வரிசை மேல் உரசிக்கொண்டு போனது. அது அப்படிப் போனால்தான் முட்டைக்கு உயிர் வரும் என்றாள். இல்லாவிட்டால் மறுநாள் வெள்ளையாகப் பூத்துப் போகுமாம்.

இரண்டாவது வரிசை. மூன்றாவது வரிசை. நாலாவதில் ஆண் பின்னால் வரவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தீனியைத் தின்று முடித்த பார்ப்கள் திரும்பி வந்திருந்தன. மனோகர் பிடித்திருந்த கண்ணாடியில் வாயை வைத்து மேய்ந்தன. ஆணுக்கு அது கண்ணாடி என்று தெரியுமா? பாய்ந்து பாய்ந்து முட்டியது. பெண் தனியாக வைத்துக்கொண்டே போனது.

"ஐயோ, வீணாப் போகுது" என்றாள் ஷைலஜா. அவள் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

மனோகர் என்ன செய்தான் தெரியுமா? குனிந்தான். இரண்டு முழங்கையையும் தண்ணீருக்குள் விட்டு, கையை விரித்து, கண்ணாடியை மார்போடு அணைத்த மாதிரி மறைத்துக்கொண்டான். தாடை தண்ணீரைத் தொட்டது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. பார்ப்கள் மறைந்துபோயின. ஆண் இரண்டு தரம் வெறும் கையை முட்டிப் பார்த்தது. பிறகு திரும்பிக் குழாய்க்குப் போனது. விட்ட வரிசையின் அடியிலிருந்து ஆரம்பித்து மேலே ஏறியது.

அப்போதுதான் அவன் சட்டைப் பையில் போன் அடித்தது.

பைக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு விரல் இடம்தான். ஷைலஜா போனை வெளியே எடுத்தாள். பெயரைப் பார்த்தாள். எடுத்துப் பேசவும் இல்லை, அணைக்கவும் இல்லை. அவன் முகத்துக்கு நேரே திருப்பிப் பிடித்தாள்.

"வீட்டுக்காரர்."

அவன் தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் கை நகரும். நான் என் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அவன் பிடரியைப் பார்த்தேன். ஒன்பது வருஷம் வண்டியில் நின்றுகொண்டே போன பிள்ளை. அவன் என்ன சொன்னாலும் நான் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

"எத்தினி வரிசை ஆச்சு?" என்றான்.

"ஆறு."

"முட்டை முடியட்டும்."

அவள் போனைத் தீனி மூட்டை மேல் வைத்தாள். அது அடித்துக்கொண்டே இருந்தது. பெண் மீன் ஏழாவது வரிசைக்குக் கீழே இறங்கியது.